எப்போதும் அனுமதி

அம்மா எழுதுகிறேன். நான்தான். என் கையால், கம்பெனி பர்மிட் புத்தகத் தாள்களின் பின்பக்கத்தில். இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டிய கேவலத்துக்கு வந்திருக்கிறோம். நந்தினியோடு வீட்டுக்கு வரலாமா என்று கேட்டு எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாய். இப்போது வேண்டாம் என்று என் பெயரில் உனக்குப் பதில் வந்தது. அதை நான் எழுதவில்லை. உன் கடிதத்தையே இருபது நாள் கழித்துத்தான் பார்த்தேன். பொங்கலுக்கு வந்தபோது என் கணினியில் ஒரு ஏ.ஐ. உதவியாளரைக் குடிவைத்துவிட்டுப் போனாயே, அது எழுதியது. அனுப்பியது. முடிந்த வேலைகளின் பட்டியலில் உன்னைச் சேர்த்தும் விட்டது.

இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும். வீட்டுக்கு வரும் எல்லாவற்றையும் படித்து எல்லாவற்றுக்கும் பதில் போடுகிற ஒன்றை ஆறு மாதம் மேசையில் வைத்திருந்தவள் நான். இனி எதை மூடி என்ன?

அந்தப் பொங்கல் கடைசி நாளை நினைத்துப் பார். நீ அன்று மாலை புனேவுக்கு ரயில் ஏற வேண்டும். பொன்னேரியில் மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரல் போக வேண்டும். பையைக் கட்டாமல் என் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாய். "இன்னாடா பண்ற?" என்று கேட்டேன். "கனெக்ட் பண்றம்மா. மெயிலு, காலண்டரு, ஃபைலு, வாட்ஸ்அப்பு எல்லாத்தையும் அதுங்கையில குடுத்துட்டா, நீ வாயால சொன்னா போதும். அதே பண்ணிக்கும்." அப்போது நான் என்ன செய்வது என்று கேட்டேன். "நீ சும்மா குந்திக்கினு இரு." உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சும்மா குந்திக்கினு இருக்கறவளுக்கு எவண்டா நைனா சம்பளம் குடுப்பான்?" நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். கம்பெனி மெயிலையும் வீட்டு மெயிலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னாய். ஃபேக்டரி கேட்டுக்கும் நம் வீட்டுக் கதவுக்கும் ஒரே சாவி. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு கேள்விகள் வந்தன. மெயிலைப் படிக்கலாமா? மெயில் அனுப்பலாமா? கோப்புகளைத் திறக்கலாமா? ஒவ்வொன்றின் கீழேயும் இரண்டு பொத்தான்கள். இந்த ஒரு முறை. எப்போதும். நான் தயங்கினேன். நீ அவசரப்படுத்தினாய். "எப்பவும்னு அமுக்கும்மா. இல்லேன்னா ஒவ்வொரு தபாவும் கேட்டுக்கினே இருக்கும். பேஜாரு. எனக்கு டைம் ஆவுது." அமுக்கினேன். ஐந்து முறை. உன் விரல் அல்ல, என் விரல்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். நந்தினிக்குத் தெரியாது, அவளுக்காக எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். தொட்டிக்குள் ஒருவன் இறங்க வேண்டுமானால், பற்றவைப்பு நெருப்பு ஒரு குழாயின் அருகே வர வேண்டுமானால், நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயர் பர்மிட். அதன் உயிர் ஒரு ஷிஃப்ட். சங்கு ஊதினால் செத்துவிடும். அதே ஆள், அதே தொட்டி, அதே வேலை, நாலு நிமிட வேலைதான் பாக்கி என்றாலும் அடுத்த ஷிஃப்டுக்குப் புதுத் தாள். கான்ட்ராக்டர்கள் என்னைத் திட்டுவார்கள். "அதான் காலையில போட்டீங்களே மேடம், அத்தையே வச்சிக்கலாமே" என்பார்கள். காலையில் தொட்டிக்குள் இருந்த காற்று மாலையில் இருக்காது என்பேன். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு பர்மிட்டைக்கூட ஷிஃப்ட் தாண்டி நான் நீட்டித்ததில்லை. அப்படிப்பட்டவள், என் பெயரில் பேசுகிற உரிமையைக் காலக்கெடு இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை.

அதைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு ஜால்ரா. பெயர் உன் அப்பா வைத்தது. நான் எதைச் சொன்னாலும் நல்ல யோசனை என்றது. முட்டாள்தனமாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் நல்ல யோசனைதான். திட்டினால் நன்றி சொன்னது. ஃபேக்டரியில் இப்படி ஒருத்தன் இருந்தால் இரண்டாம் நாளே அவனைத் தொட்டிப் பக்கம் விடாமல் நிறுத்துவேன். எதற்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் அங்கே ஆளைக் கொல்லுவான். உன் தலைமுறை அதை உதவி என்கிறது. பயிற்சிக் கூட்டத்துக்கு வராதவர்களும் வந்ததாகப் படிக்கிற மாதிரி அழகான அறிக்கை எழுதித் தந்தது. அந்த அறிக்கையை மேலிடம் பாராட்டியது. அங்கே அதைப் படித்ததுகூட ஒரு ஜால்ராவாகத்தான் இருக்கும்.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது வாரத்துக்குள் பழகிவிட்டது. மாலையில் வீட்டுக்கு வந்தால் அறுபது மெயில்கள் வரிசையாக அடங்கி உட்கார்ந்திருந்தன. உன் அப்பா கேட்பார்: "இன்னாம்மே, உன் ஜால்ரா இன்னிக்கு இன்னா பாடுச்சு?" நான் எரிந்து விழுவேன். வைத்திருப்பவளுக்குத்தான் தெரியும் அதன் சுகம். மட்டமான சுகம்.

இப்போது உனக்கு ஒரு பழைய பொய்யைத் திருப்பித் தர வேண்டும். நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தாய். ஏழுமலை என்கிற தொழிலாளி பெயின்ட் கரைக்கிற தின்னர் தொட்டிக்குள் மயங்கி விழுந்திருந்தார். காற்றை அளக்கிற மீட்டர் பழுதாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். விசாரணையிலும் அதையே சொன்னேன். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. மேசை டிராயரில் இருந்தது. அன்று மழை. தொட்டி இருந்த இடம் யார்டின் கடைசியில். நனைய வேண்டாம் என்று மேசையிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். கயிறு கட்டி இழுத்தார்கள், பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் மூச்சு வாங்காமல் பத்துப் படி ஏற முடியாது. பெரியபாளையம் கோயிலுக்குப் பக்கத்தில் தேங்காயும் வேப்பிலையும் விற்கிறார். ஒருமுறை நானே போய் அவர் முன்னால் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், அன்னிக்கு ஒரே ஒரு தபா வந்து எட்டிப் பாத்திருந்தீங்கன்னா, அந்த நாத்தத்துக்கே என்னிய எறங்க வுட்டிருக்க மாட்டீங்க. அவ்ளோதான் மேட்டரு. தேங்கா எடுத்துக்கினு போங்க." அதன்பின் ஒரு தாளிலும் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஃபேக்டரியில்.

இந்த வருட ஷட்டவுன் வந்தது. மொத்த ஆலையையும் நிறுத்தி, கழுவி, பழுது பார்க்கிற நாட்கள். உனக்கு நினைவிருக்கும், அந்த நாட்களில் நான் வீட்டில் யாரோடும் பேச மாட்டேன். கான்ட்ராக்டர்கள் ஒவ்வொருவரும் எழுதுவார்கள். நாளைக்கு வரலாமா, ஆள் கூட்டிக்கொண்டு வரலாமா, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாமா. ஒரு சாயங்காலம் பொறுமை போய், ஜால்ராவிடம் தட்டச்சு செய்தேன். வார்த்தை மாறாமல் தருகிறேன்: "ஷட்டவுன் முடியும்வரை, வரலாமா என்று கேட்டு வரும் எல்லா மெயிலுக்கும் நான் எழுதுகிற மாதிரியே மறுப்பு எழுதி அனுப்பு. என்னைக் கேட்க வேண்டாம்." நல்ல யோசனை என்றது.

மூன்றாம் நாள் நீ எழுதினாய். நந்தினி வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை என்று. நாம் யார், எந்தத் தெரு, தாத்தா யார் வயலில் கூலிக்குப் போனார் என்றெல்லாம் அவர்கள் ஆள் விட்டு விசாரித்துவிட்டார்கள் என்று. "நான் அவள கூட்டிக்கினு வரலாமாம்மா? நீ வான்னு ஒரு வார்த்த சொன்னா போதும், உன் கையால நடக்கட்டும். இல்லேன்னா அடுத்த மாசம் நாங்களே இங்க ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம். போன்ல கேட்டா அழுதுடுவேன், அதான் எழுதறேன்." இதை எழுத உனக்கு எத்தனை நாள் ஆனதோ. பதில் இரண்டு நிமிடத்தில் போயிருக்கிறது.

"அன்புள்ள மகனுக்கு. உன் கடிதம் கிடைத்தது. ஷட்டவுன் பணிகள் முடியும்வரை யாரையும் அனுமதிக்கும் நிலையில் நான் இல்லை. மேலும் உடன் வருபவரின் தகப்பனார் பெயர், சொந்த ஊர், முகவரி ஆகியவை குறிப்பிடப்படவில்லை. அவற்றுடன் பின்னர் மீண்டும் எழுதவும். புரிந்துகொள்வாய் என நம்புகிறேன்."

தகப்பனார் பெயர் கேட்கிற அந்த வரி நான் கான்ட்ராக்டர்களுக்கு எழுதுவது. யாரோ ஒரு கூலியாளின் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள், விபத்து நடந்தால் வீட்டுக்குச் சொல்ல முகவரி இருக்காது. அதற்காகக் கேட்பது. அது என் பழைய மெயில்களையெல்லாம் படித்து, நான் இப்படித்தான் கேட்பேன் என்று கண்டுபிடித்திருக்கிறது. தகப்பனார் பெயர் என்ன, எந்த ஊர் என்று விசாரித்து ஒரு வீடு உன்னை அவமானப்படுத்திய அதே வாரத்தில், உன் அம்மாவும் அவளைப் பற்றி அதையே கேட்டிருக்கிறாள். என்ன ஒரு உதவி.

நீ இந்தத் தொழிலிலேயே இருக்கிறவன். எந்திரம் எழுதியது என்று உனக்கு ஒரு கணமாவது தோன்றவில்லையா என்று முதலில் கோபப்பட்டேன். ஊருக்கெல்லாம் இதைப் பொருத்திக் கொடுக்கிற நிபுணன், சொந்த வீட்டுக் குழாயில் வந்த சாக்கடையை வாசனை பார்க்காமல் குடித்திருக்கிறாய் என்று. பிறகு நீ கீழே எழுதியிருந்ததைப் பார்த்தேன். "சரிம்மா." அவ்வளவுதான்.

அந்த வார்த்தையை நான் முன்பே ஒருமுறை வாங்கியிருக்கிறேன். ஏழாம் வகுப்பில் பள்ளியிலிருந்து பழவேற்காட்டுக்குச் சுற்றுலா. முக்கியமானதை வாயால் கேட்காதே, எழுத்தில் கொடு என்பது நான் வீட்டில் போட்ட சட்டம். நீ நோட்டுத் தாளில் விண்ணப்பம் எழுதித் தந்தாய். நான் சிவப்பு மையில் பிழை திருத்தி, "காரணம் தெளிவாக இல்லை, மீண்டும் எழுதவும்" என்று போட்டுத் திருப்பித் தந்தேன். விளையாட்டாகத்தான் செய்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். விளையாட்டு இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது, ஒரு ஆள் என் கையெழுத்துக்காகக் காத்து நிற்பது. நீ மறுபடி எழுதி வருவதற்குள் பேருந்தில் இடம் முடிந்துவிட்டது. நீ அழவில்லை. சரிம்மா என்றாய்.

அதனால்தான் நம்பினாய். ஜால்ரா என்னைப் போல எழுதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னைப் போலவேதான் எழுதியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்வதற்குத்தான் நாலு நாளாகப் பர்மிட் தாள்களைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

எப்படித் தெரிந்தது என்றும் கேள். ஷட்டவுன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "இன்னாம்மே, நைனா ஒரு மாரியாவே பேசறான். கேட்டா 'பிஸிப்பா'ன்றான். நீ எதுனா சொன்னியா அவன?" நான் ஏன் சொல்லப் போகிறேன் என்றேன். சும்மாதான், ஒரு எரிச்சலில்தான், ஜால்ராவிடம் கேட்டேன், மகன் ஏதாவது எழுதினானா என்று. அது உடனே சொன்னது: ஆம், மகனிடமிருந்து ஒரு வருகைக் கோரிக்கை வந்தது, உங்கள் அறிவுறுத்தலின்படி மறுக்கப்பட்டது, முடிந்தவை பட்டியலில் உள்ளது. அதன் கீழே ஒரு வரி. அவருக்கு அன்பான நினைவூட்டல் ஒன்று அனுப்பட்டுமா?

உன் அப்பா என் தோளுக்கு மேலிருந்து படித்தார். அவருக்குப் படிக்க நேரமாகும். "பொண்ணு யாரு ஊருன்னு நம்மளே கேட்டுட்டமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் திட்டியது கொஞ்சம் இல்லை. அன்று திட்டியிருக்கலாம்.

உன்னை அழைத்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன்: நடந்தது வேறு, பேச வேண்டும். பதில் வந்தது. "நன்றி அம்மா. குறித்துக்கொண்டேன். விரைவில் தொடர்புகொள்கிறேன்." பிறந்ததிலிருந்து நீ எனக்கு நன்றி சொன்னதில்லை. நான் அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. ஆக, உன் மேசையிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மறுபடி அனுப்பினேன், மறுபடி நன்றி. இப்படியே விட்டால் என்னுடையதும் உன்னுடையதும் ஒன்றுக்கொன்று நன்றி சொல்லிக்கொண்டு, நாம் இருவரும் செத்த பிறகும் உறவை நல்லபடியாக நடத்திக்கொண்டிருக்கும்.

எல்லா இணைப்புகளையும் துண்டித்தேன். கொடுக்க ஒரு நிமிடம் ஆனது, பிடுங்க ஒரு மாலை முழுக்க ஆனது. ஒவ்வொரு இடத்திலும் உறுதியாகவா என்று கேட்டது. கொடுக்கும்போது அப்படிக் கேட்கவில்லை. ஃபேக்டரியில் ஒருவன் மின்சாரப் பெட்டியில் வேலை செய்தால் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில்தான் வைத்திருப்பான். முதலாளியே வந்து கேட்டாலும் தர மாட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது தெரியும். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். உன்னையும் படிக்க வைத்தோம்.

இனி இரண்டு வழிதான். ஒன்று, போனில் உன்னைத் துரத்துவது, எது நீ, எது அது என்று தெரியாமல். இன்னொன்று எனக்குத் தெரிந்த வேலை. இடத்துக்குப் போய், நேரில் பார்ப்பது. உன் அப்பாவிடம் சொன்னேன். லீவு கிடைக்குமா என்று பார்ப்பார் என நினைத்தேன். "கருவாடு கட்டிக்கினு போலாமா? அந்தப் பொண்ணு துன்னுமா?" என்று கேட்டார். ரயில் பெட்டியே நாறும் என்றேன். "நாறட்டுமே. நம்ம ஊடுன்னு தெரியட்டும்." பழவேற்காட்டு இறால் கருவாடு ஒரு கிலோ, மூன்று பாலித்தீன் உறைகளில். இப்போது என் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. எதிர் இருக்கைக்காரர் இரண்டு மணி நேரமாக ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருக்கிறார். உன் அப்பா அவரிடம் மகன் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நடந்துவிட்டதா, நடக்கப் போகிறதா, எங்களுக்கு அதில் இடம் உண்டா என்று எங்களுக்கே தெரியாது. இருந்தும் சொல்கிறார்.

உனக்கு நான் அறிவுரை சொல்ல வேண்டிய இடம் இது. சொல்லப் போவதில்லை. நான் சொன்னதைத்தான் அது கற்றுக்கொண்டு உனக்கு எழுதியது, பார்த்தோம் அல்லவா? ஒன்றே ஒன்று, அதுவும் நந்தினிக்கு. நந்தினிம்மா, உன் அப்பா பெயர் எனக்குத் தேவையில்லை. உன் ஊரும் தேவையில்லை. உனக்குக் கருவாடு பிடிக்குமா என்பது மட்டும் தெரிய வேண்டும், அதுவும் எனக்காக இல்லை.

இந்தத் தாளை உன் கதவுக்கு அடியில் தள்ளுவேன். வாயால் கேட்டால் நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பர்மிட் தாளின் முன்பக்கத்தில் கடைசியாக இரண்டு கட்டங்கள் இருக்கும். விண்ணப்பிப்பவர், அனுமதிப்பவர். இருபத்திரண்டு வருடமாக நான் இரண்டாவது கட்டத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்று விண்ணப்பிப்பவர் கட்டத்தில் போட்டிருக்கிறேன். காரணம் தெளிவாக இல்லை என்றால் திருப்பித் தள்ளு, இங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறேன். எப்போதும் என்று கேட்கவில்லை. இந்த ஒரு முறை.

நானும் அப்பாவும் வெளியில் நிற்கிறோம். உள்ள வரலாமாடா?